மோட்டார்சைக்கிள் என்ஜினில் புதிதாக ஒரு சத்தம்: காரணத்தைத் தேடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

“பைக்கில் ‘கட கட’ என்று ஒரு சத்தம் வருகிறது, எதனால் இருக்கும்?” என்று நண்பர்கள் குறுஞ்செய்தி அனுப்பும்போது, அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நேர்மையாக எந்தப் பதிலும் சொல்ல முடிவதில்லை. அதே ‘கட கட’ ஆயில் குறைந்ததாலும் வரும், என்ஜினுக்குள் வால்வுகளை இயக்கும் கேம் செயின் தளர்ந்ததாலும் வரும், நம்பர் பிளேட்டின் ஒரு திருகு கழன்றதாலும் வரும். சிங்கப்பூரில் இருபது ஆண்டுகளாக மோட்டார்சைக்கிள் ஓட்டி, அவற்றுள் சில ஆண்டுகள் ஒரு பட்டறையில் வேலையும் பார்த்தவன் என்ற முறையில், என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும் அவற்றுக்கு நான் கொடுக்கும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கேள்வி: புதிய சத்தம் கேட்டவுடன் முதலில் என்ன செய்ய வேண்டும்?

பதில்: பைக்கைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, ஆயில் அளவைப் பாருங்கள். காரணத்தை ஆராய்வதெல்லாம் அதற்குப் பிறகுதான். 150 சிசி அளவிலான பெரும்பாலான என்ஜின்களில் மொத்தமே ஏறத்தாழ ஒரு லிட்டர் ஆயில்தான் இருக்கும். அதில் 300 மில்லிலிட்டர் குறைந்தாலே மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள். கார் ஓட்டிப் பழகியவர்கள் இதைச் சிறிய குறைவாக எண்ணிவிடுகிறார்கள். சமதளத்தில், பைக்கை நேராக நிமிர்த்திப் பிடித்து, அணைத்துச் சில நிமிடங்கள் கழித்துப் பார்க்க வேண்டும். பக்கவாட்டுத் தாங்கியில் சாய்த்து வைத்துப் பார்த்தால் அளவு தவறாகக் காட்டும்.

ஆயில் சரியாக இருந்தும், என்ஜினின் அடிப்பகுதியிலிருந்து ‘டொக் டொக்’ என்று கனமான அடி கேட்டு, ஆக்சிலரேட்டரைத் திருகும்போது அது வலுக்கிறது என்றால், மீண்டும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். மற்றச் சத்தங்களில் பெரும்பாலானவை ஓரிரு நாள் பொறுக்கும்.

கேள்வி: எந்த மாதிரிச் சத்தம் என்று கேட்காமல், எப்போது வருகிறது என்றே கேட்கிறீர்களே, ஏன்?

பதில்: சத்தத்தின் பெயர் கேட்பவரைப் பொறுத்தது, அது வரும் நேரமோ இயந்திரத்தைப் பொறுத்தது. தமிழில் ‘சலசல’, ‘கலகல’, ‘கரகர’, ‘கடகட’ என்று ஒலியைச் சொல்ல எத்தனையோ இரட்டைக்கிளவிகள் இருக்கின்றன, ஆனால் ஒருவருடைய ‘சலசல’ இன்னொருவருக்குக் ‘கலகல’வாக இருக்கிறது. குளிர்ந்த நிலையில் வந்து, ஐந்து நிமிடத்தில் மறைகிறது என்று ஒருவர் சொன்னால் அதில் இரண்டு பொருள் கொள்ள முடியாது.

நான் தெரிந்துகொள்ள விரும்புவது நான்கு விவரங்கள். சத்தத்தின் வேகம் என்ஜினின் சுழற்சியோடு கூடிக் குறைகிறதா, சக்கரத்தின் வேகத்தோடு கூடிக் குறைகிறதா என்பது முதலாவது. இதற்குப் பதில் கிடைத்தாலே பாதி பைக்கை விசாரணையிலிருந்து விலக்கிவிடலாம். குளிர்ந்திருக்கும்போது அதிகமா, சூடேறிய பின் அதிகமா என்பது அடுத்தது. அலுமினிய பிஸ்டன் சூடேறும்போது விரிந்து சிலிண்டருக்குள் இடைவெளியை நிரப்பிக்கொள்வதால், தேய்ந்த பிஸ்டன் பக்கவாட்டில் அடிக்கும் சத்தம் காலையில் பெரிதாகவும் பிறகு அடங்கியும் வரும். பிஸ்டனையும், அதன் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்திருந்தாலோ, சூட்டில் ஆயில் நீர்த்துப்போவதால், நேரம் ஆக ஆகச் சத்தம் கூடும். மூன்றாவது விவரம், ஏற்றத்திலும் பின்னால் ஆள் ஏறிய நிலையிலும் சத்தம் மாறுகிறதா என்பது. நான்காவது, கிளட்ச் பிடியை இழுத்தால் என்ன ஆகிறது என்பது. இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி வந்தவர்களின் பைக்கில், எந்தக் கருவியையும் எடுக்கும் முன்பே பல முறை காரணத்தை ஊகிக்க முடிந்திருக்கிறது.

கேள்வி: மேலே வால்வுப் பகுதியிலிருந்து வரும் சத்தத்தையும் கீழே கிராங்கிலிருந்து வருவதையும் காதால் பிரித்தறிய முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியும், எண்ணத் தெரிந்தால். நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றும்போது வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்றுதான் சுற்றுகிறது. நிமிடத்துக்கு 1,400 சுற்றுகளில் ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரைத் திருகாத நிலையில், ஓடும் என்ஜினில் கிராங்க் வினாடிக்கு ஏறத்தாழ 23 முறையும் கேம் ஏறத்தாழ 12 முறையும் சுழலும். ஆகவே ஒரு வால்வின் டாப்பெட் (கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் பகுதி) மட்டும் தளர்ந்திருந்தால், தையல் இயந்திரத்தின் ஊசி ஓடுவதைப் போலத் தனித்தனியாகப் பிரித்துக் கேட்கக்கூடிய ‘டிக் டிக்’ வரும். கிராங்கின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை அடிக்கும் சத்தமோ அதைவிட இரு மடங்கு வேகத்தில், ஏறத்தாழ ஒன்றோடொன்று ஒட்டியபடி கேட்கும். ஐடிலிங் சீராக உள்ள ஒரு பைக்கின் அருகே கண்ணை மூடி நின்று பழகினால், சில நாள்களில் இந்த வேறுபாடு பிடிபட்டுவிடும்.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. எரிப்பு நிகழ்வதும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் என்பதால், பிஸ்டன் அடியும் எக்ஸாஸ்ட் கசிவும் கேம் வேகத்திலேயே கேட்கக்கூடும். எண்ணிக்கை உங்களை ஒரு பக்கம் நோக்கித் திருப்பிவிடும், தீர்ப்பு சொல்லிவிடாது.

கேள்வி: டாப்பெட் சத்தம் கேட்டால் உடனே இறுக்கிவிடலாமா?

பதில்: அளக்காமல் இறுக்கவே கூடாது. டாப்பெட் இடைவெளி மில்லிமீட்டரின் நூறில் சில பங்குகளில் சொல்லப்படுவது. அதை ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய அளவுத் தகடுகளால் அளந்து, உங்கள் பைக்கின் கையேட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டும். பிஸ்டன் அழுத்த ஸ்ட்ரோக்கின் உச்சியில் இருக்கும்போது, அதாவது வால்வுகளை அழுத்தும் இரண்டு ராக்கர்களும் சற்றே ஆடும் நிலையில், அளக்க வேண்டும். என்ஜினும் குளிர்ந்திருக்க வேண்டும். ஹோண்டாவின் கையேடுகள் பலவற்றில் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே என்று போட்டிருக்கும். நம் ஊரில் நண்பகலில் காற்றே 31, 32 டிகிரியில் இருக்கிறது. காலையில் ஓட்டி வந்த பைக்கை மதிய உணவுக்குப் பிறகு அளந்தால் என்ஜின் அந்த அளவுக்கு இறங்கியிருக்காது. இரவு முழுவதும் பட்டறையில் விட்டு, காலையில் கடை திறந்தவுடன் அளக்கச் சொல்வதே சரி.

இன்னொன்றை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தளர்ந்த டாப்பெட் சத்தம் போடும்; இறுகிய டாப்பெட் சத்தமே போடாது. வால்வு தன் இருக்கையில் தேய்ந்து உள்ளே இறங்க இறங்க இடைவெளி குறைந்துகொண்டே வரும், ஒரு கட்டத்தில் வால்வு முழுமையாக மூடாது. எக்ஸாஸ்ட் வால்வு தன் வெப்பத்தில் பெரும்பகுதியை மூடியிருக்கும் நேரத்தில் இருக்கையின் வழியாகத்தான் இறக்கி வைக்கிறது. மூடாத வால்வு அந்த வழியை இழந்து ஓரத்தில் எரிந்துபோகும். சத்தத்தைக் கொல்வதற்காக இடைவெளியைக் குறைத்து வைக்கும் வேலையை யாராவது செய்து கொடுத்தால், அமைதியான பைக்கோடு வீட்டுக்கு வருவீர்கள், சில மாதங்களில் ஸ்டார்ட் ஆகாத பைக்கோடு திரும்பிப் போவீர்கள்.

கேள்வி: டாப்பெட்டைச் சரிசெய்தும் ‘டிக் டிக்’ போகவில்லை. அடுத்து என்ன?

பதில்: எக்ஸாஸ்ட் குழாய் என்ஜினோடு சேரும் இடத்தைப் பாருங்கள். இதை நான் பட்டு அறிந்தேன். சிறிய பைக்குகளுக்கான 2பி உரிமம் எடுத்த இரண்டாம் ஆண்டில் என் பைக்கில் இப்படியொரு சத்தம் வந்தது. அப்போது நான் போன பட்டறையில் இரண்டு முறை டாப்பெட்டைச் சரிசெய்தார்கள், மூன்றாம் முறை சிலிண்டர் ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்றார்கள். அதற்குப் பணம் சேர்த்துக்கொண்டிருந்த வாரத்தில், சத்தம் ஸ்டார்ட் செய்த முதல் இரண்டு நிமிடம் கூர்மையாக இருந்து பிறகு மங்குவதைக் கவனித்தேன். குழாயின் கழுத்தில் கை வைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் மட்டும் கரி படிந்திருந்தது. உள்ளே இருந்த செப்பு வளையம் நசுங்கிப்போயிருந்தது. சில வெள்ளி விலையுள்ள அந்த வளையத்தை மாற்றியதும் சத்தம் நின்றது.

சூடேறும்போது உலோகம் விரிந்து அந்தச் சிறு இடைவெளியை அடைத்துவிடுவதால்தான் சத்தம் மங்குகிறது. சோதிப்பது எளிது. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது அந்த இணைப்பைச் சுற்றிச் சோப்பு நீரைத் தடவி, ஸ்டார்ட் செய்து குமிழி வருகிறதா என்று பாருங்கள். அல்லது தடித்த கையுறை அணிந்து, மடித்த துணியால் சைலன்சரின் வாயை இரண்டு மூன்று வினாடி மட்டும் தடுத்தால், கசிவு இருக்கும் இடத்தில் ‘புஸ் புஸ்’ என்ற ஒலி கூடும். ஆக்சிலரேட்டரை மூடும்போது சைலன்சரில் ‘பட் பட்’ என்று வெடிப்பதும் பல நேரம் இதே கசிவின் வழியாகக் காற்று உள்ளே போவதால்தான்.

கேள்வி: கேம் செயின் சத்தத்தை எப்படி அடையாளம் காண்பது?

பதில்: சிலிண்டரின் ஒரு பக்கத்தில், செயின் ஏறி இறங்கும் பாதையிலிருந்து, உலோகச் சங்கிலியை டப்பாவில் போட்டுக் குலுக்குவது போன்ற ‘சரசர’ வரும். டிக் டிக் என்ற ஒழுங்கு அதில் இருக்காது. ஸ்டார்ட் செய்தவுடனும், ஆக்சிலரேட்டரை மூடி என்ஜின் வேகம் இறங்கும்போதும் அதிகமாகக் கேட்கும். செயினே நீண்டிருக்கலாம், அதைத் தள்ளிப் பிடிக்கும் டென்ஷனர் சோர்ந்திருக்கலாம், இடையில் உள்ள வழிகாட்டிப் பட்டை தேய்ந்திருக்கலாம்.

இதைத் தள்ளிப்போடக் கூடாது. செயின் பற்சக்கரத்தில் ஒரு பல் தாண்டினால் வால்வு திறக்கும் நேரம் மாறும். பல பற்கள் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதும். அதே நேரத்தில், தானாகச் சரிசெய்துகொள்ளும் டென்ஷனரின் போல்ட்டைத் தளர்த்திப் பார்த்துவிட்டு மீண்டும் முடுக்குகிற பழக்கமும் ஆபத்தானது. உள்ளிருக்கும் ஸ்ப்ரிங் தண்டு அந்த நேரத்தில் வெளியே நீண்டுவிடும், பின்னோக்கி வராது. அப்படியே முடுக்கினால் செயின் அளவுக்கு மீறி இறுகும். கழற்றினால் தண்டை முழுமையாக உள்ளே அனுப்பிய பிறகே மாட்ட வேண்டும்.

கேள்வி: நியூட்ரலில் வரும் சத்தம் கிளட்ச் பிடியை இழுத்ததும் நின்றுவிடுகிறது. இது என்ஜின் கோளாறா?

பதில்: பெரும்பாலும் இல்லை. நியூட்ரலில் கிளட்ச்சை விட்டிருக்கும்போது கியர் பெட்டியின் முதல் ஷாஃப்டும் அதன் பேரிங்குகளும் சுழல்கின்றன. பிடியை இழுத்தால் அவற்றின் சுழற்சி அடங்குகிறது. ஆகவே அங்குள்ள பேரிங் அல்லது கிளட்ச் கூடையின் அதிர்வு தாங்கும் ஸ்ப்ரிங்குகள் மீது சந்தேகம் திரும்புகிறது. நான்கு சிலிண்டர் பைக்குகளில் கார்புரேட்டர்கள் ஒன்றோடொன்று ஒத்திசையாமல் இருந்தால் ஐடிலிங் நடுங்கி, கிளட்ச் கூடையே கடகடக்கும். அதைக் கேட்டு என்ஜின் போய்விட்டது என்று விற்றவர்களையும் பார்த்திருக்கிறேன். கார்புரேட்டர்களை ஒத்திசைத்திருந்தால் போதுமானதாக இருந்திருக்கும். பிடியை இழுக்கும்போது மட்டும் சத்தம் வருகிறது என்றால், கிளட்ச்சைத் தள்ளும் சிறு பேரிங்கைப் பாருங்கள்.

கேள்வி: நின்றால் சத்தம் இல்லை, ஓடும்போது மட்டும் வருகிறது.

பதில்: வண்டி குறைவான பாதுகாப்பான சாலையில், மிதமான வேகத்தில் கிளட்ச்சை இழுத்து, என்ஜினை ஐடிலிங்குக்கு இறக்கி உருளவிடுங்கள். சத்தம் அப்படியே தொடர்ந்தால் அது பின் சக்கரத்தை ஓட்டும் செயின், அது ஓடும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட், சக்கர பேரிங், பிரேக் ஆகியவற்றில் ஒன்று. இங்கும் எண்ணுவது உதவும். பின் ஸ்ப்ராக்கெட்டில் 42 பற்களும் செயினில் 126 கண்ணிகளும் இருந்தால், செயின் ஒரு முழுச் சுற்று வருவதற்குச் சக்கரம் மூன்று சுற்று சுற்ற வேண்டும். சக்கரம் மூன்று முறை சுற்றும்போது ஒரு முறை மட்டும் ‘டக்’ என்று கேட்டால், செயினில் ஒரு கண்ணி இறுகியிருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் கேட்டால் கோளாறு சக்கரத்திலோ பின் ஸ்ப்ராக்கெட்டிலோ உள்ளது. இதை நிறுத்தி வைத்த பைக்கில், என்ஜினை அணைத்து, பின் சக்கரத்தைக் கையால் சுற்றியே பார்த்துவிடலாம். என்ஜின் ஓடும்போது செயின் அருகே விரலைக் கொண்டுபோகாதீர்கள். விரல் இழந்த ஒருவரோடு நான் வேலை பார்த்திருக்கிறேன்.

மழைக்காலத்தில் தினமும் நனையும் செயின், எண்ணெய் இல்லாமல் ஒரு வாரத்தில் துருவேறி இந்தச் சத்தத்தைக் கொடுக்கத் தொடங்கும்.

கேள்வி: பலமாடி வாகன நிறுத்துமிடத்தின் ஏற்றத்தில் மட்டும் ‘கிளிங் கிளிங்’ என்று சிறு கற்கள் டப்பாவில் குலுங்குவது போலக் கேட்கிறது. 98 பெட்ரோல் போட்டால் சரியாகுமா?

பதில்: நீங்கள் சொல்வது நாக்கிங். எரிபொருள் கலவையின் ஒரு பகுதி, தீப்பொறியிலிருந்து பரவும் சுடர் வந்து சேரும் முன்பே அழுத்தத்தாலும் சூட்டாலும் தானாக வெடிப்பதால் வருவது. இங்குள்ள நிலையங்களில் 92, 95, 98 என்ற ஆக்டேன் எண்களில் பெட்ரோல் கிடைக்கிறது. எண் உயர உயர இப்படித் தானாக வெடிப்பதை அது தாங்கும். எனவே 98 போட்டால் சத்தம் குறையக்கூடும்.

ஆனால் உங்கள் கையேடு 95-ஐப் போதும் என்று சொல்லியிருக்க, நேற்றுவரை அதில் அமைதியாக ஓடிய பைக் இன்று சத்தம் போடுகிறது என்றால், மாறியது பெட்ரோல் அல்ல. எரிப்பறையில் கரி படிந்திருக்கலாம், கலவையில் காற்று கூடியிருக்கலாம், குளிரூட்டும் நீர் குறைந்து என்ஜின் கொதிக்கலாம், தவறான வெப்ப அளவுள்ள ஸ்பார்க் பிளக் மாட்டப்பட்டிருக்கலாம். அதற்கு முன், நீங்கள் எந்த கியரில் ஏறுகிறீர்கள் என்று பாருங்கள். பின்னால் ஒருவரை வைத்துக்கொண்டு, நான்காவது கியரில் முக்கிக்கொண்டு ஏறினால் நல்ல என்ஜினும் இப்படித்தான் கத்தும். ஒரு கியர் இறக்குங்கள்.

கேள்வி: நான் மலேசியாவின் ஜோகூரிலிருந்து தினமும் வேலைக்கு வருகிறேன். கடற்பாலத்து வரிசையில் நிற்கும்போது சத்தம் வருகிறது, உட்லண்ட்ஸ் தாண்டி விரைவுச்சாலையில் ஏறியதும் போய்விடுகிறது.

பதில்: கடற்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம்தான், ஆனால் நெரிசல் நேரத்தில் அதைக் கடக்க ஆகும் நேரத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காற்றால் குளிரும் என்ஜின், பைக் நகர்ந்தால்தான் குளிரும். வெயிலில், பக்கத்து பைக்குகளின் வெப்பக் காற்றுக்கு நடுவே நின்றபடி ஓடினால் ஆயில் சூடேறி நீர்த்துப்போகிறது, ஐடிலிங்கில் ஆயில் பம்ப்பும் மெதுவாகச் சுற்றுகிறது. மேற்பகுதியில் மெல்லிய ‘டிக் டிக்’ எழுவது அதனால்தான். ஓடத் தொடங்கி, காற்று பட்டு, பம்ப்பும் வேகமெடுத்ததும் அடங்கிவிடுகிறது.

அது மெல்லியதாக இருந்து முழுமையாக மறையும்வரை, ஆயில் பழையதாகியிருப்பதன் அறிகுறியாக அதை எடுத்துக்கொண்டு முன்கூட்டியே மாற்றுங்கள். உங்களைப் போல ஓட்டுபவர்களுக்குக் கிலோமீட்டர் கணக்கு உண்மையைச் சொல்லாது, ஏனெனில் மீட்டர் நகராத நேரத்திலும் என்ஜின் உழைத்துக்கொண்டிருக்கிறது. வரிசை அசையாதபோது என்ஜினை அணைத்துத் தள்ளுங்கள். நீரால் குளிரும் பைக் என்றால், ரேடியேட்டர் விசிறி ஓடத் தொடங்கும் ஒலியைத்தான் நீங்கள் கேட்கிறீர்களா என்றும் பாருங்கள்.

கேள்வி: ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துக் கேட்கும் முறை உண்மையிலேயே பயன்படுமா?

பதில்: நன்றாகப் பயன்படும், ஒப்பிட்டுக் கேட்டால். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை என்ஜின் மீது அழுத்தி, கைப்பிடியைக் காதுக்கு முன்னால் உள்ள எலும்பில் வைத்தால், வெளிச்சத்தம் அடங்கி உள்ளே நடப்பது கேட்கும். புதிதாகச் செய்பவர்கள் எல்லா இடத்திலும் பயங்கரமான சத்தத்தைக் கேட்டுத் திகைத்துப்போவார்கள். ஓடும் என்ஜினின் உட்புறம் அப்படித்தான் இருக்கும். இன்டேக் வால்வின் மேல், எக்ஸாஸ்ட் வால்வின் மேல், கேம் செயின் பாதை, டென்ஷனர், கிளட்ச் மூடி, இடப்பக்க மூடி, கிராங்க் பேரிங் இருக்கும் இடம் என்று ஒவ்வொன்றாக வைத்து, ஒன்றைவிட மற்றொன்று எவ்வளவு கூர்மை என்று கவனியுங்கள். அலுமினிய உறை ஒலியைத் தூரமாகக் கடத்துவதால், வெறும் காதுக்கு வலப்பக்கம் கேட்பது இடப்பக்கத்திலிருந்து புறப்பட்டிருக்கும். கசிவைத் தேட, ஸ்க்ரூடிரைவருக்குப் பதிலாக ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து மறு முனையால் துழாவலாம்.

கழுத்துச் சங்கிலி, தளர்ந்த சட்டைக் கை, விரிந்த கூந்தல் எல்லாம் அடங்கிய பிறகே குனியுங்கள்.

கேள்வி: அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். இந்தச் சோதனைகளை எங்கே செய்வது?

பதில்: ஓடும் என்ஜினைக் கேட்கும் சோதனைகளை வீட்டுக்குக் கீழே செய்யாதீர்கள். சாலை நெரிசல் போன்ற காரணமின்றி, நிற்கும் வாகனத்தின் என்ஜினை ஓடவிடுவது சிங்கப்பூரில் குற்றம். மேலும், மூடிய இடத்தில் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு வாசனையும் கிடையாது. கான்கிரீட் சுவர்களுக்கு நடுவே எதிரொலி சேர்ந்து, நல்ல என்ஜினும் கெட்டது போலக் கேட்கும். ஏற்கெனவே கவலையோடு இருப்பவருக்கு அது தவறான செய்தியையே கொடுக்கும்.

என்ஜினை அணைத்த நிலையில் பார்க்கக்கூடியவையே ஏராளம். ஆயில் அளவு, செயினின் தளர்வு, சைலன்சரின் வெப்பத் தடுப்புத் தகடு, பின்பெட்டியின் தாங்கி, நம்பர் பிளேட், சாலைக் கட்டணம் கழிக்கும் ஈஆர்பி கருவியின் பிடிப்பான் ஆகிய ஒவ்வொன்றையும் கையால் அசைத்துப் பாருங்கள். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் வந்து அதற்கு மேலும் கீழும் மறையும் ‘கிர்ர்’ பெரும்பாலும் இவற்றில் ஒன்றின் அதிர்வுதான்.

கேள்வி: ஸ்கூட்டரில் இதே முறை செல்லுமா?

பதில்: என்ஜினுக்குச் செல்லும், இடப்பக்க உறைக்குள் இருக்கும் பெல்ட் அமைப்புக்குத் தனியாகப் பார்க்க வேண்டும். ஐடிலிங்கில் ‘லொட லொட’ என்றால் வேரியேட்டரின் (பெல்ட்டின் வேக விகிதத்தை மாற்றும் பகுதி) நழுவு துண்டுகளும் உருளைகளும், கிளம்பும்போது உதறினால் கிளட்ச் கட்டைகளும் மணியும், வேகத்தோடு கூடும் ‘ஙொய்’ என்றால் பின் கியர் பெட்டியின் ஆயிலும் பேரிங்கும் பார்க்கப்பட வேண்டும். பெல்ட்டைக் கையேடு சொல்லும் கிலோமீட்டரில் மாற்றுங்கள். அது பெரும்பாலும் சத்தம் கொடுத்துவிட்டு அறுவதில்லை.

கேள்வி: சில பைக்குகள் இயல்பாகவே சத்தம் போடும் என்கிறார்களே?

பதில்: உண்மைதான். ஹோண்டா சிபி400 சூப்பர் ஃபோரின் வீடெக் அமைப்பு, குறிப்பிட்ட சுழற்சிக்கு மேல் ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு வால்வுகளுக்குப் பதிலாக நான்கையும் இயக்கத் தொடங்கும். அப்போது ஒலி திடீரென மாறுவதைக் கேட்டு, அடுத்த நிலையான 2ஏ உரிமம் எடுத்த புதிதில் பலர் பயந்திருக்கிறார்கள். சென்னை திருவொற்றியூரில் தயாரான பழைய புல்லட்டுகளில், தள்ளுகம்பிகளின் வழியாக வால்வைத் திறக்கும் அமைப்பு ஓரளவு டாப்பெட் ஒலியோடுதான் ஓடும். காற்றால் குளிரும் என்ஜின்களில், ஒலியை அமுக்கும் நீர் உறை இல்லாததால் எல்லாமே சற்றுக் கூடுதலாகக் கேட்கும். அணைத்த பிறகு ‘டிங் டிங்’ என்பது எக்ஸாஸ்ட் குழாய் குளிர்ந்து சுருங்கும் ஒலி. உங்கள் பைக்கை அதே மாடல் வைத்திருக்கும் இன்னொருவரின் பைக் பக்கத்தில் நிறுத்திக் கேட்பதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. நேற்று இல்லாத சத்தம் இன்று இருந்தால், மாடல் எதுவாக இருந்தாலும் அது இயல்பு அல்ல.

கேள்வி: கெட்டியான ஆயிலோ சத்தம் குறைக்கும் மருந்தோ ஊற்றலாமா?

பதில்: வேண்டாம். கையேடு சொல்லும் ஆயிலின் கெட்டித்தன்மை 10டபிள்யூ-40 என்றால் அதையே ஊற்றுங்கள். கியர் பைக்குகளில் கிளட்ச் அதே ஆயிலில் நனைந்தபடி இயங்குவதால், புட்டியில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற தரக்குறி இருக்க வேண்டும். உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் உள்ள கார் ஆயிலோ மருந்தோ கிளட்ச்சை வழுக்கச் செய்யும். சத்தம் சற்று அடங்கினாலும் தேய்மானம் நிற்காது, அது எங்கே என்று கண்டுபிடிக்க உதவும் ஒரே தடயத்தை நீங்களே அழித்திருப்பீர்கள்.

கேள்வி: வடித்த ஆயிலைப் பார்த்து ஏதாவது தெரிந்துகொள்ள முடியுமா?

பதில்: எந்தப் பட்டறையிலும் ஆயிலை வடிக்கும்போது அருகில் நின்று பாருங்கள் என்றே நான் சொல்வேன். வடிகால் திருகின் காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு மெல்லியதாக ஒட்டியிருப்பது கியர்களின் இயல்பான தேய்மானம். நகத்தால் எடுக்கக்கூடிய செதில்கள் இருந்தால் ஏதோ ஒன்று உடைந்துகொண்டிருக்கிறது. காந்தத்தில் ஒட்டினால் அது எஃகு, அதாவது கியரோ உருளை பேரிங்கோ; ஒட்டாமல் ஆயிலில் மினுமினுத்தால் அலுமினியமோ தகட்டு பேரிங்கின் மேற்பூச்சோ. கறுப்பு அல்லது பழுப்பு நிறப் பிளாஸ்டிக் துணுக்குகள் கேம் செயினின் வழிகாட்டிப் பட்டையிலிருந்து வந்திருக்கலாம்.

கேள்வி: மெக்கானிக்கிடம் எப்படிச் சொல்வது? அவருக்குத் தமிழ் தெரியாது.

பதில்: அப்படியானால் ‘கடகட’வை நடித்துக் காட்ட வேண்டாம், சூழ்நிலையைச் சொல்லுங்கள். குளிர்ந்த ஸ்டார்ட், முதல் மூன்று நிமிடம், 3,000 சுற்றுகளில், கிளட்ச்சை இழுத்தாலும் மாற்றமில்லை என்று எந்த மொழியிலும் நான்கைந்து சொற்களில் சொல்லிவிடலாம். சுழற்சி மீட்டர் தெரியும்படி காணொளி எடுத்து வையுங்கள், ஆனால் கைப்பேசி கனமான ஒலிகளைச் சரியாகப் பதிவுசெய்யாது என்பதால் அதை மட்டும் நம்பாதீர்கள். குளிர்ந்த நிலையில்தான் சத்தம் வரும் என்றால் பைக்கை முந்தைய மாலையே விட்டுவிட்டு வாருங்கள். சூடான பைக்கில் வந்து இறங்கி, “காலையில் கேட்டது” என்றால் அவர் என்ன செய்வார்? “இதை மாற்றிப் பார்ப்போம்” என்று சொன்னால், எந்தச் சோதனையின் அடிப்படையில் என்று மரியாதையாகக் கேளுங்கள்.

கேள்வி: கனெக்டிங் ராட் பேரிங் போய்விட்டது என்று உறுதியாகிவிட்டது. பழுதுபார்ப்பதா, விட்டுவிடுவதா?

பதில்: முதலில், சிங்கப்பூரில் வாகனம் வைத்திருக்கத் தேவையான உங்கள் வாகன உரிமைச் சான்றிதழில் எத்தனை ஆண்டு மீதமிருக்கிறது என்று பாருங்கள். பத்தாண்டுச் சான்றிதழில் ஏழு ஆண்டு மீதமிருக்கும் பைக்குக்குக் கிராங்க் வேலை செய்வது நியாயம். எட்டு மாதம் மீதமிருந்தால், ஐந்து அல்லது பத்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப் போகிறீர்களா என்ற முடிவை முதலில் எடுங்கள். பல ஒற்றைச் சிலிண்டர் என்ஜின்களில் பேரிங்கை மட்டும் மாற்ற முடியாது, என்ஜினை இரண்டாகப் பிளந்து கிராங்க் தொகுதியையே எடுக்க வேண்டும். கூலி அதில்தான் ஏறுகிறது. பழைய என்ஜின் ஒன்றை வாங்கி மாட்டலாம் என்றால், என்ஜின் எண் வாகனப் பதிவில் இருப்பதால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி தேவை என்பதை நினைவில் வையுங்கள்.

முடிவு எடுக்கும்வரை அதை ஓட்டாதீர்கள், பட்டறைவரைகூட வேண்டாம். ராட் உடைந்தால் என்ஜின் இறுகி, பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பின்னால் லாரிகள் வரும் தீவு விரைவுச்சாலையில் அது நடந்தால் கிளட்ச்சை இழுக்க உங்களுக்கு நேரம் இருக்காது. பைக்கை ஏற்றிச் செல்லும் வண்டிக்குச் சொல்லி அனுப்புங்கள்.